தத்துக் குழந்தைக்காகக் காத்திருக்கும் நாட்களில் காப்பகக் குழந்தைகளோடு பழகலாமா?

கேள்வி:

எனக்கு வயது 38. சொந்த ஊர் திருச்சி. கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து பதினோரு வருடம் ஆகிறது. இருவரும் இன்னும் இந்தியக் குடிமக்கள்தான். மூன்று முறை கரு கலைந்த பிறகு தத்தெடுக்க முடிவு செய்தோம். இங்குள்ள ஏஜென்சி மூலம் ஹோம் ஸ்டடி (எங்கள் வீட்டையும் தகுதியையும் பார்க்கும் ஆய்வு) முடிந்து, இந்திய அரசின் மத்தியத் தத்து அமைப்பான காராவில் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. எப்போது அழைப்பு வரும் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

ஜூனில் ஆறு வாரம் அம்மா வீட்டுக்கு வருகிறேன். பக்கத்தில் ஒரு குழந்தைகள் இல்லம் இருக்கிறது. கைக்குழந்தை முதல் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் வரை இருக்கிறார்கள். நிர்வாகி என் சித்திக்குத் தெரிந்தவர். "தாராளமா வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க" என்கிறார். தினமும் போய்ச் சின்னக் குழந்தைகளைத் தூக்கி, சோறூட்டி, தூங்க வைத்தால் எனக்கும் குழந்தை வளர்ப்பு பழகும், அவர்களுக்கும் கொஞ்சம் அன்பு கிடைக்கும் என்று நினைக்கிறேன். என் கணவர் வேண்டாம் என்கிறார். அங்கே ஒரு குழந்தை எங்கள் மனதுக்கு ஒட்டிப்போனால் அதையே கேட்டு வாங்க முடியுமா? மாமியார் வேறு, குழந்தை கைக்கு வந்ததும் நேராகச் சமயபுரத்தில் மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆலோசனை வேண்டும்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தைகளும் மூன்று நான்கு வயதுக்கு உட்பட்டவர்களும் இருக்கும் அறைக்கு, ஆறு வாரம் மட்டும் தூக்கி வளர்க்கப் போகாதீர்கள். அந்த இல்லத்துக்குப் போவதற்கும் அங்கே உருப்படியாக ஏதாவது செய்வதற்கும் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றைப் பின்னால் எழுதுகிறேன். காரணத்தை முதலில் பார்ப்போம். காரணம் புரிந்தால்தான் உங்கள் குழந்தை வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும்.

மூன்று கர்ப்பங்களை இழந்தவர் நீங்கள். அப்படிப்பட்ட இழப்புக்கு நம் ஊரில் யாரும் துக்கம் கேட்க வருவதில்லை. "அடுத்தது நல்லபடியா நிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்கு மேல் இரண்டு வருடமாக ஒரு இணையதளத்தில் வரிசை எண்ணைப் பார்த்தபடி இருக்கிறீர்கள். யாராவது ஒரு குழந்தை மடியில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். அந்த ஆசைக்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது உங்கள் பசி. அந்தப் பிள்ளைகளின் பசி வேறு மாதிரியானது.

குழந்தைகள் இல்லங்களுக்கு வேலையாகப் போகும்போதெல்லாம் நான் காண்பது இது. வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று வயதுப் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ளும். வந்தது யார் என்று முகத்தைக்கூடப் பார்க்காது. தூக்கச் சொல்லிக் கையை நீட்டும், தூக்கினால் தோளில் சாய்ந்துகொள்ளும். வந்தவர்கள் கண் கலங்கி, "எவ்வளவு பாசமா ஒட்டிக்குது பாருங்க" என்பார்கள். இறக்கிவிட்டதும் அதே பிள்ளை சிணுங்காமல் அடுத்தவரிடம் போய்க் கையை நீட்டும்.

வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். புது ஆள் வந்தால் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பக்கத்தில் வரும். இன்னார் நம் ஆள், இன்னார் வெளி ஆள் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. இல்லத்துப் பிள்ளைக்கு அந்தக் கோடு விழவே இல்லை. நம் கண்ணுக்குப் பாசமாகத் தெரிவது, பல பேர் கையில் மாறி மாறி வளர்ந்ததன் அடையாளம். அது முற்றிப்போனால் மனநல மருத்துவத்தில் தனிக் கோளாறாகவே கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் அதற்குத் தனி இடம் இருக்கிறது. ஓடிவந்து கட்டிக்கொள்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தக் கோளாறு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்த அணைப்பைப் பார்த்து மகிழ்ந்துவிட்டு வருவதற்கு நமக்கு மனம் வரக் கூடாது.

இதை ஆழமாகப் படித்தவர்கள் ருமேனியாவில் வேலை செய்தார்கள். சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூவரும் 2000-ல் புக்கரெஸ்ட் நகரத்து இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் ஆறு மாதத்திலிருந்து இரண்டரை வயதுவரை உள்ள குழந்தைகள். குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டார்கள், மீதிப் பேர் வழக்கம்போல இல்லத்தில் இருந்தார்கள். குடும்பத்துக்குப் போன பிள்ளைகளிடம் அறிவு வளர்ச்சியிலும் உறவைப் பிடித்துக்கொள்ளும் திறனிலும் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அதிலும் இரண்டு வயதுக்குள் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். இல்லத்தில் ஒரே நேரத்தில் பல குழந்தைகளை ஒரே பணியாளர் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஷிப்ட் மாறி மாறி எத்தனையோ பணியாளர்கள் வந்து போனார்கள். அந்தக் குழந்தைக்கென்று நிலைத்து நின்ற ஒரு ஆள்தான் இல்லை.

இப்போது உங்கள் ஆறு வாரத்தை அங்கே இருக்கும் ஒரு வயதுக் குழந்தையின் பக்கமிருந்து பாருங்கள். முதல் வாரம் உங்கள் கையில் விறைப்பாக இருக்கும். இரண்டாவது வாரம் உங்கள் வளையல் சத்தத்துக்குத் திரும்பிப் பார்க்கும். ஆயா ஊட்டினால் நாற்பது நிமிடம் இழுக்கும் சாப்பாடு உங்கள் கையில் கால் மணி நேரத்தில் முடியும். நீங்கள் பூரித்துப்போவீர்கள். நான்காவது வாரம் நீங்கள் கிளம்பும்போது அழும். "உங்களைத்தான் தேடுது" என்று இல்லத்தில் சொல்வார்கள். ஐந்தாவது வாரம் ஆயாவின் கையில் சாப்பிட மறுக்கும். ஒரே ஆளிடம் ஒட்டிக்கொள்ளும் அந்தத் திறன், பிறந்த ஒரு வருடத்துக்குள் ஒரு குழந்தை செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம். ஏழாவது வாரம் நீங்கள் விமானத்தில் இருப்பீர்கள். அந்தக் குழந்தைக்கு நியூ ஜெர்சி என்றால் என்ன, விசா என்றால் என்ன என்று யார் சொல்வது? நேற்றுவரை வந்தவர் இன்று வரவில்லை, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். ஏற்கெனவே பெற்றவளை இழந்துவிட்டு வந்திருக்கும் குழந்தை அது. இரண்டாவது, மூன்றாவது தடவையும் இப்படி நடந்தால், யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பதே நல்லது என்று அந்தச் சின்ன உடம்பு கற்றுக்கொள்கிறது. அதன்பிறகு தத்தெடுக்கும் தாய்க்கு அந்தப் பூட்டைத் திறக்க வருடக்கணக்கில் ஆகிறது. நாளைக்கு அந்தத் தாய் நீங்களாகவும் இருக்கலாம். வேறு ஊரில் உங்களுக்காக இருக்கும் குழந்தையை இன்று யாரோ ஒருவர் ஆறு வாரம் கொஞ்சிவிட்டுப் போகிறார் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

"அப்போ அன்பே காட்டக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அன்பு தினமும் அதே மணிக்கு அதே முகத்தோடு வர வேண்டும், அதுதான் விஷயம். அந்த இல்லத்தில் வருடக்கணக்கில் வேலை பார்க்கும் ஒரு ஆயா, கொஞ்சாமல், வாய் பேசாமல், தினமும் குளிப்பாட்டிவிடுகிறாரே, அவர்தான் அந்தக் குழந்தைகளின் உலகத்திலேயே பெரிய செல்வம்.

நம் ஊரில் இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. பிறந்தநாள், திருமண நாள், தாத்தா திவசம் என்றால் ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிட்டுக் குடும்பத்தோடு இல்லத்துக்குப் போவது. பிரியாணி வரும், கேக் வரும். பிள்ளைகள் வரிசையாக நின்று, யாரென்றே தெரியாத ஒருவருக்குக் கைதட்டிப் பாட்டுப் பாடுவார்கள். தட்டு ஆறிக்கொண்டிருக்கும், போட்டோ முடிகிறவரை காத்திருப்பார்கள். மாதத்தில் எத்தனையோ நாள் அவர்களுக்கு இப்படித்தான் போகிறது. தங்கள் பிறந்தநாள் எது என்று தெரியாத பிள்ளைகள் சிலரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பணம் கொடுங்கள், மகராசியாகக் கொடுங்கள். கேக்கையும் கேமராவையும் வீட்டில் வைத்துவிடுங்கள்.

அடுத்து, மனதுக்குப் பிடித்த குழந்தையைக் கேட்க முடியுமா என்ற கேள்வி. முடியாது. இதில் கொஞ்சம்கூட நெளிவு சுளிவுக்கு இடம் தேடாதீர்கள்.

முன்பெல்லாம் தத்து மையங்களுக்கு நேரில் போய்க் குழந்தையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. 2015 ஆகஸ்டிலிருந்து எல்லாம் காராவின் கேரிங்ஸ் இணையதளம் வழியாக, பதிவு வரிசைப்படிதான். நீங்கள் வெளிநாடு வாழ் இந்தியர் என்பதால் இங்கே இருப்பவர்களுக்குச் சமமான முன்னுரிமை உங்களுக்கு உண்டு. அதற்கு மேல் எந்தச் சலுகையும் கிடையாது. இந்த முறைக்கு வெளியே குழந்தையைக் கொடுத்தாலும் வாங்கினாலும் இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 80-வது பிரிவின்படி மூன்று வருடம்வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பணம் கைமாறினால் 81-வது பிரிவு, அது இன்னும் கடுமை. இரண்டு வருடம் காத்திருந்து பெற்ற தகுதியும் போய்விடும்.

அந்த இல்லத்தில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் தத்துக்கு உரியவர்களும் அல்ல. நம் ஊர் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நிறையப் பேருக்கு அம்மா இருக்கிறாள், அல்லது அப்பா, பாட்டி என்று யாராவது இருக்கிறார்கள். வறுமை, குடி, நோய், தாயின் மறுமணம் என்று ஏதோ ஒரு காரணத்தால் விட்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கைவிடப்பட்ட குழந்தை என்றால்கூட, பெற்றோரைத் தேடிப் பார்த்து, குழந்தைகள் நலக் குழு சட்டப்படி விடுவித்தால்தான் தத்துக்குப் போக முடியும். அதற்கு இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் இரண்டு மாதமும், அதற்கு மேல் என்றால் நான்கு மாதமும் சட்டம் வைத்திருக்கிறது. தானே முன்வந்து ஒப்படைத்த தாய்க்கு மனம் மாறினால் திரும்பி வாங்கிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. அந்த இரண்டு மாதத்துக்குள் நீங்கள் அந்தக் குழந்தையின் மேல் உயிரை வைத்துவிட்டால், பெற்றவள் திரும்பி வருவதை உங்களால் சந்தோஷமாகப் பார்க்க முடியுமா? முடியாவிட்டால் அது உங்கள் தவறு இல்லை, மனித மனம் அப்படித்தான். அதனால்தான் அந்த இடத்தில் தத்துப் பெற்றோர் இருக்கக் கூடாது என்கிறோம்.

இந்த எச்சரிக்கை சும்மா வந்ததில்லை. வெளிநாட்டுத் தத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதமே வழக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு, 1984-ல் தீர்ப்பு வந்தது. காரா 1990-ல் உருவானதற்கு அதுதான் அடிப்படை. அப்படியும் நிற்கவில்லை. சென்னையில் தெருவோரம் தாயின் பக்கத்தில் தூங்கிய குழந்தைகளைக் கடத்தி, ஆவணங்களை மாற்றி, வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுத்த விவகாரம் 2005-ல் வெளியே வந்தது. ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் அன்போடு வளர்த்த பெற்றோர்களுக்குக்கூட ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இங்கே பெற்ற தாய்மார்கள் வருடக்கணக்கில் தேடி அலைந்திருக்கிறார்கள். பன்னாட்டுத் தத்துக்கான 1993-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தை இந்தியா 2003-ல் ஏற்றது, அமெரிக்காவும் அதில் இருக்கிறது. அதன் 29-வது பிரிவு, குழந்தை தத்துக்கு உரியது என்று முடிவாகி, தத்தெடுப்பவர்களின் தகுதியும் உறுதியாகும்வரை, அவர்கள் குழந்தையின் பெற்றோரையோ, அதைப் பராமரிப்பவர்களையோ தொடர்புகொள்ளக் கூடாது என்கிறது. உறவினர் குழந்தையைத் தத்தெடுப்பதற்கும், உரிய அதிகாரிகள் வகுத்த நிபந்தனைப்படி நடக்கும் சந்திப்புக்கும் மட்டும் விலக்கு உண்டு. ஆகவே எந்த இல்லத்துக்குப் போவதாக இருந்தாலும் உங்கள் ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று நிர்வாகி சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சித்திக்குத் தெரிந்தவர் என்பதற்காகக் கைக்குழந்தை அறையைத் திறந்துவிடுகிறவர், வேறு யாருடைய சித்திக்குத் தெரிந்தவருக்கும் திறந்துவிடுவார். நல்ல இல்லம் என்றால் அடையாள அட்டை கேட்கும், போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்கும், எத்தனை மாதம் வருவீர்கள் என்று கேட்கும், குழந்தையோடு தனியாக விடாது. உங்களை அலைக்கழிக்கிற இல்லத்தை நம்புங்கள்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மூன்று இழப்புக்குப் பிறகு, நான்காவதாக உயிரோடு இருக்கும் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வருவதை உங்களால் தாங்க முடியுமா என்று அவர் பயப்படுகிறார். "உனக்குக் கஷ்டம்" என்று அவர் சொல்லாமல் விட்ட இன்னொரு பாதி, "எனக்கும் கஷ்டம்" என்பதாக இருக்கும். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒருநாள் இருவரும் உட்கார்ந்து அதைப் பேசிவிடுங்கள்.

சரி, ஜூனில் என்னதான் செய்வது?

அதே இல்லத்துக்குப் போங்கள், ஆயாக்களுக்கு உதவியாகப் போங்கள். மலைபோல் குவியும் துணியை மடிக்கலாம், பால் புட்டிகளைக் கழுவிக் கொதிக்க வைக்கலாம், காய் நறுக்கலாம், மருந்துப் பதிவேட்டை ஒழுங்குபடுத்தலாம். நீங்கள் இரண்டு மணி நேரம் இந்த வேலையைச் செய்தால், அந்த இரண்டு மணி நேரம் ஆயாவின் மடி காலியாகும். அந்த மடியில் குழந்தை உட்காரட்டும். நீங்கள் ஜூலையில் போன பிறகும் அந்த மடி அங்கேயே இருக்கும். பணம் செலவழிக்க வழி இருந்தால் ஒரு நல்ல வாஷிங் மெஷின் வாங்கிக் கொடுங்கள், அல்லது இரவு ஷிப்டுக்குக் கூடுதலாக ஒரு ஆயாவுக்கு ஒரு வருடச் சம்பளத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். பொம்மைகள் அங்கே அலமாரி நிறைய இருக்கும்.

பிள்ளைகளோடுதான் இருக்க வேண்டும் என்றால் பெரிய பிள்ளைகளிடம் போங்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பெண்ணிடம் "நான் ஜூலை பத்தாம் தேதி கிளம்பிவிடுவேன்" என்று முதல் நாளே சொல்ல முடியும், அவளும் காலண்டரில் பார்த்துக்கொள்வாள். கணக்கோ ஆங்கிலமோ சொல்லிக்கொடுங்கள். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் ஒருமுறை வீடியோவில் தொடர முடியுமா என்று இல்லத்திடமும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிடமும் அனுமதி கேளுங்கள். இங்கே சனிக்கிழமை காலை ஏழு மணி என்றால் கோடையில் உங்களுக்கு வெள்ளி இரவு ஒன்பதரை. ஒரு வருடமாவது தொடர்ந்து வர முடியும் என்றால் மட்டும் ஆரம்பியுங்கள். பதினெட்டு வயதாகி இல்லத்தை விட்டு வெளியே வரும் பிள்ளைகளை யாரும் நினைப்பதே இல்லை. கல்லூரி விண்ணப்பம், வங்கிக் கணக்கு, வாடகைக்கு ஒரு அறை, எல்லாவற்றுக்கும் அவர்கள் தனியாகத் திண்டாடுகிறார்கள். கைக்குழந்தையைக் கொஞ்ச ஆயிரம் பேர் வருவார்கள், பத்தொன்பது வயதுப் பையனுக்கு ஹால் டிக்கெட் எடுத்துக்கொடுக்க ஒருவரும் வருவதில்லை.

போகும்போது சில விஷயங்களில் கவனமாக இருங்கள். "அம்மா" என்று கூப்பிட்டால், "நான் அக்கா" என்று மெதுவாகத் திருத்துங்கள். "உங்க அப்பா அம்மா எங்க?" என்று கேட்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு மட்டும் சாக்லேட் கொடுக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட "எங்க வீட்டுக்கு வர்றியா?" என்று சொல்லிவிடாதீர்கள், அதைப் பிள்ளைகள் மாதக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். போட்டோ எடுத்து எங்கும் போடக் கூடாது. குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் அதே சட்டத்தின் 74-வது பிரிவில் ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டு லட்சம்வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் இது பொருந்தும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குழந்தை வளர்ப்பு பழக வேண்டும் என்ற ஆசைக்கு இல்லம் சரியான இடம் இல்லை. அதற்கு அண்ணன் மகள், பக்கத்து வீட்டுப் பேரன் என்று ஊர் முழுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தங்கள் அம்மா யார் என்று அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. நியூ ஜெர்சியில் ஏற்கெனவே தத்தெடுத்த குடும்பங்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் வெளியே போகும் ஒரு மாலைக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதம் எப்படி இருந்தது என்று அந்த அம்மாவிடம் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள். அமெரிக்க விதிப்படி ஏஜென்சி உங்களுக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கொடுக்க வேண்டும். அதில் கையெழுத்துப் போட்டு முடித்துவிடாமல் இன்னும் படியுங்கள். காரா நாடு முழுவதற்குமானது, உங்கள் விருப்ப மாநிலத்தைப் பொறுத்துக் குழந்தை ஒடிசாவிலிருந்தோ மகாராஷ்டிராவிலிருந்தோ வரலாம். அப்படி வந்தால் தண்ணீர், வலி, தூக்கம், பாத்ரூம், "நான் இங்கேதான் இருக்கேன்" என்ற அளவுக்காவது அந்த மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் குழந்தையோடு இல்லத்தில் உட்கார்ந்து நேரம் செலவிடும் நாட்கள் நிச்சயம் வரும். உங்கள் விடுமுறையை அதற்குச் சேர்த்து வையுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அழைப்பு வந்ததும் குழந்தையின் படம், குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை மூன்றும் உங்களுக்கு வரும். நீங்கள் ஒப்புக்கொண்டு, காரா தடையில்லாச் சான்று கொடுத்த பிறகு, மாவட்ட ஆட்சியரின் தத்து ஆணைக்காகக் காத்திருக்கும் காலத்தில், தத்துக்கு முந்தைய வளர்ப்புப் பராமரிப்பாக இந்தியாவுக்குள் குழந்தையை உங்களோடு வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. 2022 செப்டம்பரிலிருந்து ஆணை நீதிமன்றத்துக்குப் பதில் ஆட்சியரிடம் வாங்குகிறோம். பாஸ்போர்ட், விசா முடிகிறவரை சில வாரங்களாவது ஆகும். பலர் கணவரை மட்டும் அனுப்பி, கையெழுத்துப் போட்டு, கடைசி வாரம் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

இல்லத்தில் முதல் சில நாள் தூக்க அவசரப்படாமல் ஆயாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் எப்படி ஊட்டுகிறார் என்று பாருங்கள். சோற்றை எவ்வளவு குழைக்கிறார், கையாலா ஸ்பூனாலா, தூங்க வைக்கும்போது முதுகில் தட்டுகிறாரா தொடையிலா, என்ன பாட்டு முணுமுணுக்கிறார், இதெல்லாம் எந்த அறிக்கையிலும் இருக்காது. அவர் சம்மதித்தால் அந்தப் பாட்டை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த சோப்பு, எந்த எண்ணெய், எந்தப் பவுடர் என்று கேட்டு அதையே வாங்குங்கள், உயர்ந்த பிராண்டு வேண்டாம். குழந்தை படுத்துக்கொள்ளும் பழைய துணி ஒன்றைத் துவைக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், புதியதைப் பதிலுக்குக் கொடுத்துவிடலாம். பிறகு ஆயா ஊட்டும்போது நீங்கள் கிண்ணத்தைப் பிடியுங்கள். அடுத்த நாள் ஆயா பக்கத்தில் இருக்க நீங்கள் ஊட்டுங்கள். குழந்தையின் கண் முன்னால் ஆயா தன் கையால் உங்களிடம் கொடுக்கட்டும். கிளம்பும் நாளில் ஆயா அழுதால் அழட்டும், குழந்தை அழுதாலும் அழட்டும், "போட்டோவுக்குச் சிரி" என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த ஆயாவின் படத்தையும் இல்லத்தின் வாசல் படத்தையும் எடுத்து வையுங்கள். பதினைந்து வயதில் உங்கள் பிள்ளை கேட்கப்போகும் முதல் ஆல்பம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் சில மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் நீங்களும் கணவரும் மட்டும் செய்யுங்கள். மற்றவர்கள் பக்கத்தில் இருக்கலாம், விளையாடலாம். பத்துக் கைகளில் மாறி வளர்ந்த குழந்தைக்கு இந்தக் கைதான் என் கை என்று தெரியவே இந்த ஏற்பாடு. உங்கள் அம்மாவுக்கு இது மனக்கஷ்டமாக இருக்கும், இப்போதே சொல்லி வையுங்கள்.

மாமியாரின் வேண்டுதல் இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சமயபுரத்துக் கூட்டம், சத்தம், முன்பின் தெரியாத ஒருவர் தலையைப் பிடித்துச் சவரக்கத்தி வைப்பது, கூடவே காது குத்து, இவ்வளவும் குழந்தை உங்களிடம் வந்த முதல் வாரத்திலேயே நடந்தால், உங்கள் மடியில் வைத்துதான் அதற்கு வலித்தது என்றாகிவிடும். பிடித்துவைப்பது நீங்கள், வலிப்பது அதற்கு. ஒரு வருடம் போகட்டும். பயந்தால் உங்கள் முகத்தைத் தேடும் பழக்கம் அதற்கு வந்த பிறகு, அடுத்த விடுமுறையில் வந்து, கூட்டம் குறைந்த ஒரு விடியற்காலையில் போடலாம். வேண்டுதலைத் தள்ளிப்போடும்போது ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைக்கும் வழக்கம் உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். இந்த ஜூனிலேயே அவரோடு உட்கார்ந்து முடிந்து வைத்துவிடுங்கள்.